எல், இ, அடுத்து என்ன?

மார்க்கரில் மை தீரப்போகிற நேரம். வெள்ளைப் பலகையில் கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட், வீப் – வெப்ட் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்ததாக லீவ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன். மேசைமேல் கிடந்த என் செல்போன் அப்போதுதான் ஒரு தடவை அதிர்ந்து, நகர்ந்து போய் டஸ்டரில் முட்டி நின்றது.

ராஜபாளையத்தில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் நான் ஆங்கிலம் எடுக்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். போலீஸ் வேலைக்குப் படிக்கிறவர்கள்தான் என் வகுப்பில் அதிகம். அங்கே யாரும் போனைத் தொடக்கூடாது. சட்டம் போட்டவளே நான்தான்.

அன்றைக்கு நானே அதை மீறினேன். என் வீட்டுக்காரர் மாரிச்சாமி ராணுவத்தில் இருக்கிறார். வடக்கே இருந்து அவர் லீவில் கிளம்ப வேண்டிய நாள் அது.

எடுத்துப் பார்த்தேன். ஒரே ஓர் ஆங்கிலச் சொல். எல், இ, எஃப், டி. லெஃப்ட்.

பலகையில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் எழுத இருந்த அதே சொல், துளிப் பிழை இல்லாமல். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"டீச்சர், தண்ணி கொண்டாரவா?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா. இன்னைக்கு இம்புட்டுதான். எல்லாரும் கிளம்புங்க" என்றேன்.

ஒரு சொல்லைச் சரியாக எழுதியதற்கு ஓர் ஆங்கில வாத்திச்சி இப்படி ஆடிப்போவாளா என்று நீங்கள் கேட்கலாம். ஆடிப்போனேன். காரணம் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லீவு உட்டாச்சு

எனக்குப் பிறந்த ஊர் சோழபுரம். அவருக்குச் சுந்தரபாண்டியம். அத்தை மகன்தான் என்பதால் பெண் பார்க்கும் படலமெல்லாம் இல்லை. பட்டாளத்து மாப்பிள்ளை என்று என் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். பட்டாளத்து மாப்பிள்ளை என்றால் பட்டாளத்துக்குத்தான் மாப்பிள்ளை, நமக்கு விருந்தாளி என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு பிடித்து என்னைக் குடிவைத்துவிட்டு அவர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனார். அப்போது இருந்தது பொத்தான் வைத்த சின்ன போன். அதில் தமிழ் வராது. எதை அனுப்பினாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும்.

முதல் லீவுக்குக் கிளம்பிய அன்றைக்கு ஒரு செய்தி அனுப்பினார். எல், இ, ஏ, வி, இ, டி. லீவ்டு.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'லீவ்' என்பதற்கு இறந்தகாலம் லெஃப்ட். கிளம்பிவிட்டேன் என்று எழுத நினைத்து, சொல்லின் வாலில் ஒரு டியை ஒட்டிவிட்டார் மனுஷன். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைக்கும் முன்பே பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், லீவ்டுன்னு இங்கிலீஷ்ல ஒரு சொல்லே கிடையாது. லெஃப்ட்னு எழுதணும்."

அவர் அசரவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, பள்ளிக்கூடத்துல என்ன சொல்லுவோம்? லீவு உட்டாச்சு. அதைச் சேர்த்துச் சொல்லு பாப்போம். லீவுட்டு. லீவ்டு. எனக்கு லீவு உட்டாச்சு, வாரேன்னு அர்த்தம். இதுல என்ன தப்பு?"

எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த இலக்கணம் தோன்றாது.

"அப்பொ லெஃப்ட்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது விட்டுட்டுப் போனதுக்கு. லீவு முடிஞ்சா திரும்பிப் போகணும்ல. பொறவு எப்படி லெஃப்ட்னு எழுதுவேன்? என்னைக்கு ஒரேயடியா பட்டாளத்தை விட்டுட்டு வாரேனோ, அன்னைக்கு உன் ஸ்பெல்லிங்கு எழுதுதேன். அதுவரைக்கும் என் ஸ்பெல்லிங்குதான்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு லீவுக்கும் 'லீவ்டு' என்று வரும். அது வந்த பிறகுதான் நான் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவேன்.

வால் ஒட்டுகிற வியாதி

வகுப்பில் இந்த வியாதியோடுதான் எனக்குப் பிழைப்பே ஓடுகிறது. இறந்தகாலமா, ஒட்டு ஒரு வாலை என்று கிளம்பிவிடுவார்கள். 'பே' என்பதற்குப் பெய்டு. பி, ஏ, ஐ, டி என்று எழுத வேண்டும். நம் ஆட்கள் ஒய்யை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் இ, டி சேர்ப்பார்கள்.

"ஒய் போயி ஐ வரணும்யா" என்று ஒரு தடவை கத்தினேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்பொ பிளே பிளேடாகும்போது மட்டும் ஒய் அப்படியே இருக்கே டீச்சர்?" என்றான்.

"அது விளையாடப் போச்சு, வீட்டுக்கு வரல" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆங்கிலத்தில் காரணம் கேட்டுக்கொண்டே இருந்தால் தேர்வு முடிந்துவிடும்.

'ரீடு' என்பதை இறந்தகாலத்தில் ரெட் என்று வாசிப்போம். எழுத்து மாறாது. அதே நினைப்பில் 'லீடு' என்பதற்கு வருகிற லெட்டையும் எழுத்து மாற்றாமல் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் அது ஈயம். வழிகாட்டியவர் ஈயமாகிவிடுவார். நான் கண்டுபிடித்த வைத்தியம் எல்.இ.டி. பல்பு. வழிகாட்டியது பல்பு, பல்புக்கு நடுவில் ஏ கிடையாது என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் யாரும் தப்பு விடவில்லை.

'காஸ்ட்', 'கட்', 'புட்' எல்லாம் நேற்றும் இன்றும் ஒரே மாதிரிதான். அதற்கும் வால் ஒட்டி வருகிறவர்கள் உண்டு. திருத்தித் திருத்தி எனக்குச் சிவப்புப் பேனாதான் மிச்சம்.

இத்தனை பேரைத் திருத்தியவள் ஒருவரை மட்டும் திருத்தவே இல்லை. அந்த ஒருவரிடமிருந்து அந்தத் தப்பு வராதா என்று ஏங்கிக்கொண்டு கிடந்தேன்.

கீப், ஸ்லீப், வீப், லீவ் எல்லாவற்றிலும் முதலில் நெடில் இருக்கும். காலம் கடந்ததும் குறிலாகிவிடும். கெப்ட், ஸ்லெப்ட், வெப்ட், லெஃப்ட். வகுப்பில் இதை அழகாகச் சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் இது தலைகீழ். லீவு எப்போதும் குறில். அவர் போன பிறகு வருவதுதான் நெடில்.

அவருடைய சட்டையைத் துவைக்காமல் இரண்டு வாரம் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பேன். ஷேவிங் சோப்பு வாசனையும் ரயில் வாசனையும் கலந்து இருக்கும். மகள் தேன்மொழி, "அம்மா, அதைத் துவைக்கப் போடு, பூஞ்சை பிடிச்சிரும்" என்பாள். பிடித்தால் பிடிக்கட்டும் என்றிருக்கும் எனக்கு.

போறேன்னு சொல்லாத ஊர்

பயிற்சி மையத்தில் கணக்கு எடுக்கும் பத்மா அக்காவுக்கு ராஜபாளையம்தான் பூர்வீகம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவரிடம் மட்டும் இந்த லீவ்டு கதையைச் சொல்லியிருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் சொல்லுதது நியாயம்தான் முத்துலட்சுமி. நீ வீட்டுலருந்து கிளம்பும்போது போறேன்னு சொல்லுவியா?" என்றார்.

"அதெப்படிச் சொல்ல முடியும்? வாரேன்னுதான் சொல்லுவேன்."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான். போயொஸ்தான்னு சொல்லுவோம். போயிட்டு வாரேன். வெறுமனே போறேன்னு சொன்னா எங்க அம்மா திரும்பக் கூப்பிட்டு உக்கார வச்சிரும். இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பயம் கிடையாது. போனா போனதுதான், லெஃப்ட்."

வாட்ஸப் குழுவிலிருந்து யாராவது விலகினால் பேரைப் போட்டு அந்தச் சொல்லைத்தான் காட்டும். சொந்தக்காரர்கள் குழுவில் சண்டை வந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டபோது, வரிசையாக அந்தச் சொல்லைப் பார்த்துப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தச் சொல் வேண்டும் என்று ஒருத்தி தவம் கிடக்கிறாள் என்றால் பைத்தியம் என்பார்கள். நான் தவம்தான் கிடந்தேன்.

பெட்டி வரவில்லை

சரி, முதலில் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன்.

அந்தச் சமயத்தில் அவருடைய சர்வீஸ் முடிகிற கட்டம். விருப்பப்பட்டால் கையெழுத்துப் போட்டு இன்னும் சில வருஷம் நீட்டிக்கலாம். "போதும் அத்தான், வந்துருங்க" என்று நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் "பாப்போம்" என்பார். எந்தப் பேச்சையும் அதற்கு மேல் நகரவிடாத சொல் அந்தப் 'பாப்போம்'.

அப்படி இருக்கும்போதுதான் 'லெஃப்ட்' வந்தது. என் ஸ்பெல்லிங். ஒரேயடியாக வருகிற அன்றைக்கு எழுதுவதாகச் சொன்ன ஸ்பெல்லிங்.

வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். ரயிலில் விட்டு விட்டுக் கேட்டது. "வாரேன்ட்டி" என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

பத்மா அக்காவிடம் போனைக் காட்டினேன். அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா தாயி?" என்று கேட்டார். "எல்லாரும் நல்லாருக்காவ" என்று சொல்லிவிட்டு மேலும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் நடுத்தட்டை முழுசாகக் காலி செய்தேன். இத்தனை வருஷமும் அவருக்கென்று அந்த வீட்டில் ஒரு கொக்கிதான் இருந்தது, தட்டு இருந்ததில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த சாமான்களை எடுத்துப் பரணில் ஏற்றினேன். பட்டாளத்தை விட்டு வருகிறவர்களோடு கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வரும். வெள்ளைப் பெயின்டில் பேரும் நம்பரும் எழுதியிருக்கும். அதை வைக்க இடம் வேண்டும் அல்லவா?

சுந்தரபாண்டியத்துக்குப் போன் போட்டு அத்தையிடம் சொன்னேன். "நெசமாவா? அவன் வாயால சொன்னானா?" என்றார். எழுதியே அனுப்பிவிட்டார் என்றேன்.

மூன்றாம் நாள் காலை ரயிலில் வந்தார். தோளில் ஒரு பை மட்டும் இருந்தது. பெட்டி பின்னால் பார்சலில் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். இட்லியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே, "முத்து, இந்தத் தடவை பால்கோவா கூடக் கொஞ்சம் வாங்கணும். பயலுவ அம்புட்டுப் பேரும் கேட்டுருக்கானுவ" என்றார்.

எங்கள் ஊரில் பால்கோவா ஊருக்கு வருகிறவர்கள் வாங்குகிற பண்டம் இல்லை. ஊரை விட்டுப் போகிறவர்கள் வாங்குவது. ஒவ்வொரு லீவின் கடைசி நாளிலும் அவருடைய பையில் அந்த டப்பாக்களை அடுக்குகிறவள் நான். காய்ச்சின பால் வாசனை வந்தாலே எனக்கு அவர் கிளம்புகிற நாள்தான் நினைவுக்கு வரும்.

"எந்தப் பயலுவ?" என்றேன்.

"நம்ம யூனிட்டுல உள்ளவனுவதான்."

"அப்பொ போறீயளா?"

அவர் துண்டை மடித்தார். மடித்ததையே திரும்பவும் மடித்தார். "கையெழுத்துப் போட்டுட்டேன் முத்து. தேனு படிப்பு முடியணும்ல. நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ."

போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பொறவு இது என்ன? ஒரேயடியா வரும்போதுதான் இப்படி எழுதுவேன்னு நீங்கதானே சொன்னிய?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "நான் இப்படி அடிக்கலையே! லீவ்டுன்னுதான் அடிச்சேன். எப்பவும்போலத்தான் அடிச்சேன்."

தேன்மொழி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "புது போனுல்லப்பா, தப்பா அடிச்சா அதுவே திருத்திரும்." சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

எழுத்துப் பிழை திருத்தப்பட்டதற்காக அழுத வாத்திச்சி நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் மேல் கோபம், போன் மேல் கோபம், அந்த எஃப் என்கிற எழுத்து மேல் கோபம். இரண்டு சொல்லும் எல், இ என்றுதான் ஆரம்பிக்கும். மூன்றாவது எழுத்தில்தான் பாதை பிரியும். ஏ வந்தால் விருந்தாளி, எஃப் வந்தால் வீட்டுக்காரர். அந்த ஓர் எழுத்தில் விளையாடிவிட்டது அந்தச் சனியன் பிடித்த இயந்திரம்.

அவர் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். பிறகு, "அதை அணைச்சுட்டேன் முத்து. இனிமே நான் அடிக்கதுதான் வரும்" என்று மட்டும் சொன்னார்.

கிளம்புகிற அன்றைக்குப் பால்கோவா நான் அடுக்கவில்லை. அவரே வாங்கி அவரே அடுக்கிக்கொண்டார். ரயில் நகரும்போது "வாரேன்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

காலித் தட்டு

அந்தப் பீரோத் தட்டில் நான் மறுபடி எதையும் வைக்கவில்லை. ரோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேன்மொழி துணி வைக்க இடமில்லை என்று முணுமுணுப்பாள். "அது அப்பா தட்டு" என்பேன். "ஆளே இல்லாத தட்டு" என்பாள். ஆமாம், நானும் அந்த ஆள் இல்லாத வீட்டில்தானே இருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த லீவுகளுக்கெல்லாம் ஒழுங்காக 'லீவ்டு' என்றே வந்தது. திருத்தாத போன், திருந்தாத மனுஷன்.

போன மாதம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்தேன். மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி அதே சொல்லை அதே வாலோடு எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் போட மனசே வரவில்லை. ஆனால் மார்க் அவளுடையது, ஏக்கம் என்னுடையது. வட்டம் போட்டுச் சரியானதை எழுதினேன்.

இதற்கிடையே மகள் படிப்பு முடிந்துவிட்டது. அவருக்கு நீட்டித்த காலமும் முடிகிறது. அதற்காக நிம்மதியாக இருக்க முடியுமா? ஓய்வு பெற்று வருகிறவர்களை ராணுவ முகாம்களில் காவல் வேலைக்கு மறுபடி எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பலரும் பெட்டியை இறக்கி வைத்த சூட்டோடு திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். "நீங்களும் அதுல சேரப் போறீயளா?" என்று கேட்டேன்.

"பாப்போம்" என்றார்.

எனக்குப் பழைய பால்கோவா வாசனை அடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. போன் அடித்தது.

"ஏட்டி, என்ன வேலையா இருக்க?"

"சமையல்தான். சொல்லுங்க."

"செத்த நேரம் அடுப்பை அமத்து. ஒரு சொல்லுக்கு எழுத்துக் கேக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஸ்பெல்லிங் கேட்டதே கிடையாது. அடுப்பை அணைத்தேன். "என்ன சொல்லு?"

"லீவுக்கு இறந்தகாலம்."

"அதான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சு வச்சிருக்கியளே. அதையே எழுத வேண்டியதுதானே?"

"நீ கிளாஸ்ல சொல்லிக் குடுப்பியே, அதைச் சொல்லு. போன்ல திருத்துததை அணைச்சுப் போட்டுருக்கேன். தப்பில்லாம அடிக்கணும்."

"எல்" என்றேன்.

"எல்."

"இ."

"இ. பொறவு ஏ-வா, எஃப்பா?"

ஒரு முறை ஏமாந்தது போதும். "எந்தச் சொல்லை எழுதப் போறியன்னு தெரிஞ்சாத்தானே நான் எழுத்துச் சொல்ல முடியும்?" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு போவது கேட்டது.

"பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிருக்கேன் முத்து. இறங்குத ஊரு என்னன்னு கேக்கான். சுந்தரபாண்டியம்னு போடவா, சீவில்லிபுத்தூர்னு போடவா?"

"அந்தக் காவல் வேலை?"

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். நேத்தே குடுத்துட்டேன். இப்பொ எழுத்தைச் சொல்லுதியா, இல்லையா?"

"எஃப்" என்றேன்.

"எஃப்."

கடைசி எழுத்து என் வாயிலிருந்து வரவே இல்லை. வெண்டைக்காய்ப் பிசுபிசுப்போடு முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"டி" என்று அவரே சொல்லி முடித்தார்.